சிலிண்டருக்குள் தளும்புவது என்ன?



பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுள் சில, பெரியவர்களின் வாயை அடைத்துவிடும். தரம் 7இல் படிக்கும் மகளொருத்தி கேட்ட அப்படியானதொரு கேள்வியை அவளது தாயார் எமக்கு எழுதி அனுப்பியிருக்கிறார். "உம்மா, கேஸ் என்றால் வாயு என்று டீச்சர் சொன்னார். அப்படியென்றால் புதுச் சிலிண்டரை அசைக்கும்போது உள்ளே தண்ணீர் தளும்புவது மாதிரி ஏன் சத்தம் கேட்கிறது? கடைக்காரர் தண்ணீர் கலந்துவிட்டாரா?" இதுதான் கேள்வி.

கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்கான பதிலைச் சரியாக விளங்கிக்கொண்டால், குசினியில் அன்றாடம் நம் கண்முன்னே நடக்கும் பல காரியங்களின் உட்பொருள் தெளிவாகும். அதைவிட மேலாக, வீட்டையும் பிள்ளைகளையும் தீயிலிருந்தும் சுடுகாயங்களிலிருந்தும் காத்துக்கொள்ள அந்த அறிவு உதவும். எனவே எடுத்த எடுப்பிலேயே சிலிண்டருக்குப் போய்விடாமல், கேத்தலில் இருந்து தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறிச் செல்வோம்.

மூன்று நிலைகள்

உலகில் நாம் காணும் சடப்பொருள்கள் யாவும் கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துணிக்கைகளால் ஆனவை. அத்துணிக்கைகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன, எவ்வளவு சுதந்திரமாக அசைகின்றன என்பதைப் பொறுத்தே ஒரு பொருள் திண்மமாகவோ, திரவமாகவோ, வாயுவாகவோ இருக்கிறது.

ஒரு பாடசாலையை நினைத்துக்கொள்ளுங்கள். பரீட்சை மண்டபத்தில் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். காலை ஆட்டலாம், தலையைச் சொறியலாம். இடத்தை விட்டு எழும்ப முடியாது. திண்மத்தின் துணிக்கைகள் இப்படித்தான் இருக்கின்றன. இடைவேளை மணி அடித்ததும் அதே பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலை வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவரையொருவர் விட்டுத் தூரப் போகவில்லை. ஆனால் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். இது திரவம். பாடசாலை விட்டதும் திசைக்கொருவராகச் சிதறி ஓடுகிறார்கள். இது வாயு. மூன்று வேளையிலும் பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான். பனிக்கட்டியும் தண்ணீரும் நீராவியும் ஒரே பொருளாக இருப்பதும் இவ்வாறே.

இந்த நிலைகளை மாற்றும் ஆற்றல் இரண்டு விடயங்களுக்கு உண்டு. ஒன்று வெப்பம், அது துணிக்கைகளைப் பிரித்து விரட்டப் பார்க்கும். மற்றது அமுக்கம், அது அவற்றை நெருக்கி ஒன்றுசேர்க்கப் பார்க்கும். இந்த இரண்டையும் மனதில் இருத்திக்கொண்டால் போதும். இக்கட்டுரையில் மேற்கொண்டு சொல்லப்போவதெல்லாம் இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறிதான்.

"மூன்றுதானா, நான்காவது இல்லையா?" என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்கக்கூடும். உண்டு. வாயுவை மேலும் மேலும் சூடாக்கினால் அல்லது அதனூடாகப் பலமான மின்சாரத்தைச் செலுத்தினால், அதன் அணுக்களே உடைந்து மின்னேற்றம் பெற்ற துணிக்கைகளாகும். இதற்குப் பிளாஸ்மா என்று பெயர். 1928இல் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்முயர் இப்பெயரைச் சூட்டினார். சூரியன் முழுவதும் பிளாஸ்மாதான். வானத்தில் வெட்டும் மின்னலும், எரியும் டியூப் லைட்டின் உள்ளே இருப்பதும் அதுவேதான். இதற்கு நேர்மாறாக, வாயுவொன்றை எண்ணிப் பார்க்க முடியாத அளவு குளிரச் செய்தால் அணுக்கள் யாவும் ஒன்றேபோல் இயங்கும் ஐந்தாவது நிலையொன்று தோன்றும். டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த சத்யேந்திரநாத் போஸ் 1924இல் எழுதிய ஆய்வை அடியாகக் கொண்டு ஐன்ஸ்டீன் இதனை முன்னறிவித்தார். 1995இல்தான் அமெரிக்காவின் கொலராடோவில் அதை உண்டாக்கிப் பார்க்க முடிந்தது. அவற்றை ஆய்வுகூடங்களுக்கு விட்டுவிட்டு நாம் அடுப்படிக்கு வருவோம்.

கேத்தல் கொதித்த பிறகு

கேத்தலில் ஒரு லீற்றர் தண்ணீரை அடுப்பில் ஏற்றுகிறீர்கள். குழாய்த் தண்ணீரின் வெப்பநிலை சுமார் 30 பாகை செல்சியஸ். சூடு ஏறி ஏறி 100 பாகையை அடைந்ததும் தண்ணீர் கொதிக்கிறது. இனி அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் உள்ள தண்ணீர் 100 பாகையைத் தாண்டாது. அடுப்பு கொடுக்கும் வெப்பம் முழுவதும் எங்கே போகிறது?

அந்த வெப்பம் தண்ணீரைச் சூடாக்குவதற்கல்ல, அதை ஆவியாக்குவதற்கே செலவாகிறது. ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் துணிக்கைகளைப் பிரித்தெடுப்பதற்கு அத்தனை சக்தி வேண்டும். எவ்வளவு வேண்டும் தெரியுமா? ஒரு லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவருவதற்குச் சுமார் 294 கிலோயூல் போதும். கொதிக்கும் அதே தண்ணீரை முழுவதும் ஆவியாக்கவோ சுமார் 2,260 கிலோயூல் தேவைப்படுகிறது. அதாவது ஏழு மடங்கிலும் அதிகம்! வெப்பமானியில் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் இவ்வெப்பத்தை மறைவெப்பம் என்பர். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வைத்தியத்துறைப் பேராசிரியராக இருந்த ஜோசப் பிளாக் என்பவர் 1760களின் தொடக்கத்தில் இதனைக் கண்டறிந்தார்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன.

முதலாவது சிக்கனம். பருப்போ கிழங்கோ கொதிக்கத் தொடங்கிய பின், தளதளவென்று பொங்கும்படி அடுப்பைக் கூட்டி வைப்பதால் அது சீக்கிரம் வேகாது. மெதுவாகக் கொதித்தாலும் 100 பாகைதான். குமுறிக் கொதித்தாலும் 100 பாகைதான். கூட்டி வைத்த கேஸ் தண்ணீரை ஆவியாக்கிக் கூரைக்கு அனுப்புவதற்கே செலவாகிறது. கொதி வந்ததும் அடுப்பைக் குறைத்து மூடியை இட்டுவிடுங்கள். 2022இல் ஒரு சிலிண்டருக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்கு இச்சிக்கனத்தின் அருமையை எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது பாதுகாப்பு. நீராவி ஒரு பொருளின் மேல் பட்டு மீண்டும் தண்ணீராக மாறும்போது, தான் ஒளித்து வைத்திருந்த மறைவெப்பம் முழுவதையும் அப்பொருளிடம் ஒப்படைத்துவிடுகிறது. அப்பொருள் நம் கையாக இருந்தால்? கொதிநீர் பட்டதைவிட ஆவி பட்டது ஆழமாகச் சுடுவதன் காரணம் இதுதான். வட்டிலப்பமோ இடியப்பமோ அவித்த பாத்திரத்தின் மூடியை நமக்கு நேராகச் சரித்துத் திறக்கலாகாது. எதிர்ப்பக்கம் முதலில் உயரும்படி திறந்து, ஆவி அப்பக்கத்தால் வெளியேற விடவேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கேத்தலின் வாயிலிருந்து வெள்ளையாகப் புகைபோல் வருவதை நாம் ஆவி என்கிறோம். உண்மையில் அது ஆவி குளிர்ந்து உண்டான சிறு நீர்த்துளிகளின் கூட்டம். அசல் நீராவி கண்ணுக்குத் தெரியாது. கேத்தல் வாய்க்கும் அந்த வெள்ளைப் புகைக்கும் இடையில் ஒன்றுமே இல்லாததுபோல் ஒரு சிறு இடைவெளி தெரியும். அங்கேதான் அது இருக்கிறது. சிறு பிள்ளைகள் கையை நீட்டுவதும் அந்த இடத்துக்குத்தான்.

தற்செயலாகச் சுட்டுவிட்டால், வளையல், மோதிரம் போன்றவற்றை உடனே கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீர் அவ்விடத்தில் 20 நிமிடங்கள் ஓடும்படி பிடியுங்கள். பற்பசை, எண்ணெய், பட்டர், பனிக்கட்டி எதுவும் வேண்டாம். காயம் பெரிதானால், அல்லது முகத்திலோ சிறு பிள்ளையின் உடலிலோ பட்டிருந்தால், வைத்தியசாலைக்குச் செல்லத் தாமதிக்கக் கூடாது.

மண்குடத்தின் குளிர்ச்சி

மறைவெப்பம் சுடுவது போலவே குளிரவும் வைக்கும். ஆவியாவதற்குக் கொதிக்கத்தான் வேண்டும் என்றில்லை. கொடியில் உலரும் துணியிலிருந்து தண்ணீர் போவதும் ஆவியாதல்தான். அவ்வாறு மெல்ல ஆவியாகும்போதும் தண்ணீருக்கு வெப்பம் தேவை. அடுப்பு இல்லாதபோது அருகிலிருப்பதிடமிருந்து அது வெப்பத்தைப் பறித்துக்கொள்ளும். மண்குடத்தின் நுண்துளைகளால் கசியும் நீர் வெளியே ஆவியாகும்போது, உள்ளே இருக்கும் நீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் சித்திரை வெயிலிலும் மண்குடத்துத் தண்ணீர் தொண்டைக்கு இதமாக இருக்கிறது. வியர்வை உலரும்போது உடல் குளிர்வதும் இதனாலேயே. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டருக்கு வரும்போது தேவைப்படும்.

ஆவியை மீண்டும் திரவமாக்குவதற்கு ஒடுங்கல் என்று பெயர். நமது வைபவங்களில் தெளிக்கும் பன்னீர் ஒடுங்கலால் கிடைப்பதே. ரோஜா இதழ்களைத் தண்ணீரோடு சூடாக்க, மணம் ஆவியோடு சேர்ந்து எழும்பும். அந்த ஆவியைக் குளிர்ந்த குழாயினூடாகச் செலுத்தினால் பன்னீராகச் சொட்டும். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, வாசனைத் திரவியங்களையும் அவற்றை வடித்தெடுக்கும் முறைகளையும் பற்றித் தனி நூலொன்றையே எழுதியிருக்கிறார். வடிக்கும் அப்பாத்திரத்தை அறபியில் 'அன்பீக்' என்பர். கிரேக்கத்திலிருந்து அறபுக்கு வந்த அச்சொல், அறபிலிருந்து 'அலெம்பிக்' என ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. நமது நாட்டின் தென்பகுதியில் கறுவா இலையிலிருந்து எண்ணெய் வடிப்பவர்களும் இதே முறையைத்தான் கையாளுகிறார்கள்.

உறையும் எண்ணெயும் மறையும் உருண்டையும்

கரையோர ஊரிலிருந்து நுவரெலியாவுக்கு மணமுடித்துப் போகும் பெண்பிள்ளை, அங்கே தேங்காயெண்ணெய்ப் போத்தலைப் பார்த்துத் திகைத்துப் போவாள். எண்ணெய் வெள்ளை மெழுகுபோல் உறைந்திருக்கும். எதையோ கலந்து விற்றுவிட்டார்கள் என்று கடைக்காரரைக் குறை கூறவும் இடமுண்டு. ஆனால் அவர் மீது குற்றமில்லை. தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24, 25 பாகையில் உருகுவது. கல்முனையிலும் கொழும்பிலும் அது திரவமாகவே இருக்கும். நுவரெலியாவின் குளிரில் திண்மமாகிவிடும். போத்தலைச் சற்று நேரம் இளஞ்சூட்டு நீரில் வைத்தால் பழையபடி உருகிவிடும். அதன் குணம் கெடாது.

எண்ணெய் உறையும்போது சுருங்கும். தண்ணீரோ இதற்கு எதிர்மாறு. அது உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பருத்துவிடும். நீர் நிரம்பிய கண்ணாடிப் போத்தலை மூடியோடு ஐஸ் அறையில் வைத்து மறந்துவிட்டால் போத்தல் வெடிப்பது இதனால்தான். அப்படி வெடித்த போத்தலின் தண்ணீரை உருக்கி வடித்தும் குடிக்கக் கூடாது. கண்ணாடித் தூள் கண்ணுக்குத் தெரியாது.

இனி அலுமாரியைத் திறந்து பாருங்கள். உடுப்புகளுக்கிடையில் போட்ட வெள்ளைப் பூச்சி உருண்டைகள் நாளடைவில் சிறுத்துச் சிறுத்து மறைந்துவிடுகின்றன. ஆனால் துணியில் ஈரமோ கறையோ இல்லை. நப்தலீன் எனும் அப்பொருள் திரவமாகாமலே திண்மத்திலிருந்து நேராக வாயுவாக மாறுகிறது. இதனைப் பதங்கமாதல் என்பர். மறைந்த உருண்டை எங்கும் போய்விடவில்லை. அது வாயுவாகி அந்த உடுப்புகளிலேயே ஏறியிருக்கிறது.

இதைத் தாய்மார்கள் விசேடமாகக் கவனிக்க வேண்டும். சில குழந்தைகளின் செங்குழியங்களில் 'ஜீ-6-பீ-டீ' எனும் நொதியம் பிறவியிலேயே குறைவாக இருக்கும். வெளிப்பார்வைக்கு அது தெரியாது. அப்படியான குழந்தை நப்தலீன் வாயுவைச் சுவாசித்தால் செங்குழியங்கள் உடைந்து, குருதிச் சோகையும் கடுமையான மஞ்சட் காமாலையும் ஏற்படலாம். பச்சிளம் குழந்தையின் மூளையையே அக்காமாலை பாதிக்கக்கூடும். மூத்த பிள்ளையின் உடுப்புகளையும் போர்வைகளையும் பூச்சி உருண்டை போட்டுப் பத்திரப்படுத்தி வைத்து, அடுத்த பிள்ளை பிறந்ததும் எடுத்து அப்படியே உடுத்துவது பல வீடுகளில் உள்ள வழக்கம். குழந்தையின் துணிகளுக்குப் பூச்சி உருண்டையே போடாமல் இருப்பது மேல். போட்டிருந்தால் நன்றாகத் துவைத்து, வாசனை முற்றாக நீங்கும்வரை காற்றிலும் வெயிலிலும் உலர்த்திய பின்பே பாவியுங்கள். இனிப்பென்று நினைத்துச் சிறுவர்கள் வாயில் போடாதபடி அவ்வுருண்டைகளை எட்டாத இடத்தில் வைப்பதும் அவசியம்.

அமுக்கம் செய்யும் வேலை

இதுவரை வெப்பத்தைப் பார்த்தோம். இனி அமுக்கத்தைப் பார்ப்போம்.

தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும் என்றோம். அது கடல்மட்டத்தை அண்டிய ஊர்களுக்கே பொருந்தும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அமுக்கம் குறைவு. மேலிருந்து அமுக்கும் கை தளர்வதால் துணிக்கைகள் இலகுவில் தப்பிவிடுகின்றன. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அங்குள்ள பெண்கள் பருப்பு வேகச் சுணங்குகிறது என்பது வெறும் பேச்சல்ல.

அமுக்கத்தைக் கூட்டினால் இதற்கு எதிரானது நடக்கும். பிரான்ஸ் நாட்டவரான டெனிஸ் பாப்பின் 1679இல் இறுக மூடிய பாத்திரமொன்றைச் செய்து, எலும்பும் மெத்தென்று வேகும்படி சமைத்துக் காட்டினார். இன்றைய பிரஷர் குக்கரின் மூதாதை அதுதான். குக்கரினுள் ஆவி வெளியேற முடியாமல் அமுக்கம் ஏறக்குறைய இருமடங்காகிறது. அதனால் தண்ணீர் சுமார் 120 பாகையிலும் திரவமாகவே இருக்கிறது. இறைச்சி அரைவாசி நேரத்துக்குள் வேகுவதன் இரகசியம் இதுவே.

ஆனால் 120 பாகையில் இருக்கும் அத்தண்ணீரைத் திரவமாகப் பிடித்து வைத்திருப்பது அமுக்கம் ஒன்றுதான். அவசரப்பட்டு மூடியைப் பலவந்தமாகத் திறந்தால் அப்பிடி ஒரே கணத்தில் விட்டுப்போய், தண்ணீரின் ஒரு பகுதி உடனே ஆவியாகி, உள்ளிருப்பதையெல்லாம் முகத்தில் வீசியடிக்கும். ஆவி முற்றாக அடங்கிய பின்பே மூடியைத் தொட வேண்டும். ஆவி வெளியேறும் துவாரத்தில் பருப்புத் தோல் அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்வதும் இதனால்தான்.

சிலிண்டரின் உள்ளே

இப்போது அந்த மகளின் கேள்விக்கு வருவோம். கடைக்காரர் தண்ணீர் கலக்கவில்லை. உள்ளே தளும்புவது கேஸேதான். திரவ நிலையில் இருக்கும் கேஸ்!

நமது சமையல் எரிவாயு, புரொப்பேன், பியூட்டேன் எனும் இரு பொருள்களின் கலவை. தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதுபோல் பியூட்டேன் சுமார் பூச்சியப் பாகையிலும், புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையிலும் கொதிக்கும். ஆகவே நமது நாட்டின் சூட்டில் திறந்து வைத்தால் இரண்டுமே கொதித்து வாயுவாகப் பறந்துவிடும். ஆனால் உருக்குச் சிலிண்டருக்குள் பலத்த அமுக்கத்தில் அடைத்திருப்பதால் அவை திரவமாக அடங்கிக் கிடக்கின்றன. குக்கருக்குள் 120 பாகையிலும் தண்ணீர் திரவமாக இருப்பதும் இதுவும் ஒரே காரியம்தான். மகளுக்குக் கண்ணால் காட்ட வேண்டுமானால், உட்புறம் தெரியும் சிகரட் லைட்டரொன்றை வாப்பாவைப் பிடிக்கச் சொல்லிக் காட்டுங்கள். உள்ளே தண்ணீர்போல் அசைவது திரவப் பியூட்டேன். மேலே வந்து எரிவது வாயுப் பியூட்டேன்.

திரவமாக அடைப்பதன் நோக்கம் இடத்தை மிச்சப்படுத்துவது. இத்திரவம் வாயுவாகும்போது ஏறக்குறைய 250 மடங்கு விரியும். 12.5 கிலோ சிலிண்டரில் உள்ளது வாயுவாக விரிந்தால் 5,000 லீற்றருக்கும் அதிகமாகும். கசிவு ஏன் அவ்வளவு ஆபத்தானது என்பது இந்த ஒரு கணக்கிலேயே விளங்குகிறதல்லவா?

சிலிண்டரின் அடியில் திரவமும் மேலே வாயுவும் இருக்கும். அடுப்புக்கு வருவது மேலே உள்ள வாயு. அது குறையக் குறைய அடியிலுள்ள திரவம் கொதித்து இடத்தை நிரப்பும். திரவம் மிஞ்சியிருக்கும்வரை சுவாலை பெரிதாகக் குறையாமல் எரிந்து, கடைசியில் திடீரென்று சோர்ந்துவிடுவது இதனால்தான். சிலிண்டரைச் சரித்தோ படுக்கவைத்தோ பாவித்தால், வாயு வரவேண்டிய வழியால் திரவமே வந்து, வெளியில் 250 மடங்காக விரிந்து பெருந்தீயாகும். முடியப்போகிறது என்று சிலிண்டரைச் சரித்து வைத்து மிச்சத்தையும் எரிக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கலியாண வீடுகளில் பெரிய அடுப்பில் மணிக்கணக்காகப் பிரியாணி ஆக்கும்போது, சிலிண்டர் வியர்த்துச் சில்லிட்டுப் போவதையும் அடுப்பு மந்தமாவதையும் கண்டிருப்பீர்கள். மண்குடத்தின் கதைதான் இங்கும். திரவம் வேகமாக ஆவியாவதற்குரிய வெப்பத்தைச் சிலிண்டரிடமிருந்தே பறிப்பதால் அது குளிர்கிறது. வெளியே தெரியும் வியர்வை காற்றிலிருந்த நீராவி ஒடுங்கியது, கேஸ் கசிவதல்ல. அதற்காகச் சிலிண்டரைச் சுடுநீரில் வைப்பதோ, பக்கத்தில் நெருப்பு மூட்டுவதோ மடமை. சூடேறினால் உள்ளிருக்கும் அமுக்கம் கட்டுமீறி ஏறும். இன்னொரு சிலிண்டரைச் சேர்த்துப் பாவிப்பதே முறை.

புரொப்பேன் அதிகக் குளிரிலும் கொதிக்கக்கூடியது என்றோம். எனவே கலவையில் அதன் பங்கு கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கமும் கூடும். 2021ஆம் ஆண்டின் இறுதியில், குறிப்பாக நவம்பர், டிசம்பர் மாதங்களில், நமது நாட்டின் பல வீடுகளில் கேஸ் கசிந்து தீப்பற்றியதும் வெடித்ததும் உங்களுக்கு ஞாபகமிருக்கும். அதனை ஆராய ஜனாதிபதி நியமித்த குழு, கலவையில் செய்யப்பட்ட மாற்றமே பிரதான காரணமென்று கண்டது. வெளிப்பார்வைக்கு அதே சிலிண்டர், அதே நிறை. மாறியது உள்ளிருந்த கலவை. கூடிய அமுக்கத்தை முதலில் உணர்பவை ரெகுலேட்டர், குழாய், அவற்றின் இணைப்புகள் ஆகியனவே. இவற்றில் ஒன்று பழுதாக இருந்தாலும் போதும்.

மணம் வந்தால்

சமையல் எரிவாயுவுக்கு இயல்பிலே மணம் கிடையாது. கசிவை நாம் அறிய வேண்டும் என்பதற்காகவே அந்தத் துர்நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். எனவே அந்நாற்றம் நமக்கு ஓர் எச்சரிக்கை. இவ்வாயு காற்றைவிடப் பாரமானது. ஆகையால் மேலே போகாது. தரையில் பரவி, மேசைக்கு அடியிலும் அலுமாரி மூலையிலும் தேங்கி நிற்கும். மேல் யன்னலை மட்டும் திறந்துவிட்டுப் போய்விட்டது என்று நம்பியிருக்க முடியாது. கதவைத் திறக்க வேண்டும்.

நாற்றம் வந்தால் முதலில் எரியும் நெருப்பை அணைத்து ரெகுலேட்டரை மூடுங்கள். கதவுகளையும் யன்னல்களையும் அகலத் திறந்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியேறுங்கள். எந்த மின்சார ஆளியையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி பறக்கும். மின்விசிறியும் கூடாது. தொலைபேசியை வெளியே போய் எடுங்கள்.

புதுச் சிலிண்டர் பொருத்தும் ஒவ்வொரு தடவையும் சவர்க்கார நுரையை இணைப்புகளில் தடவிப் பாருங்கள். குமிழி ஊதினால் கசிவு உண்டு. தீக்குச்சி கொளுத்திச் சோதிக்க ஒருபோதும் நினைக்காதீர்கள். வெடித்த, இறுகிய குழாயையும் பழைய ரெகுலேட்டரையும் மாற்றும் செலவைப் பின்போடாதீர்கள். இரவில் படுக்குமுன் அடுப்பை மட்டுமன்றி ரெகுலேட்டரையும் மூடுங்கள்.

பாடப் புத்தகத்தில் 'சடப்பொருளின் நிலைகள்' என்பது ஓரிரு பக்கங்கள்தான். அதை மனனமிட்டுப் புள்ளி வாங்குவதோடு பிள்ளைகள் நிறுத்திக்கொள்ளாமல், கேத்தலையும் மண்குடத்தையும் எண்ணெய்ப் போத்தலையும் காட்டி அவர்களுக்கு விளக்கிக் கொடுங்கள். கேஸ் ஏன் தரையில் தேங்குகிறது என்பதை விளங்கிய பிள்ளைக்கு, நாற்றம் வந்தால் என்ன செய்வது என்பதை இரண்டாம் முறை சொல்ல வேண்டி வராது.